ஊருக்குச் சொன்ன விசேஷம்

ஜூன் 9, திங்கள்

மழை. விடியற்காலையில் பிடித்தது, எட்டு மணிக்கும் விடவில்லை. குடையில் ஒரு கம்பி கழன்று தொங்குகிறது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது தோள் முழுக்க ஈரம்.

இன்று டைப் செய்தது: கல்யாண கார்ட் இரண்டு, முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை ஒன்று, பூப்புனித நீராட்டு விழா ஒன்று. கடைசி கார்டில் தகப்பனாரின் இனிஷியல் பிழை. அவர்கள் எழுதிக் கொடுத்ததே அப்படி. ஏச்சு மட்டும் எனக்கு.

நாள் 47.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள், எழுதுகிறேன். நாற்பத்தேழு நாளாக மாதவிடாய் இல்லை. போன வருடத்திலிருந்தே முப்பத்தெட்டு, நாற்பது என்று இழுக்கத்தான் செய்தது. இவ்வளவு இழுத்ததில்லை. மூன்று கிழமையாக இரண்டு மார்பும் கனத்து வலிக்கின்றன. பஸ்ஸில் யாராவது முழங்கையால் இடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. நேற்றுக் குளிக்கும்போது அமுக்கிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சொட்டு. மற்றப் பக்கமும் ஒரு சொட்டு. பயந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

என் மாமியாரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அத்தை என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவது என் வேலை. மாதத்தில் அந்த மூன்று நாள் மட்டும் நான் சாமி அறைப் பக்கம் போகக் கூடாது, அத்தை ஏற்றுவார். ஆகவே நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர் ஏற்றுகிற முதல் நாளில் கலண்டரில் ஒரு பென்சில் புள்ளி வைப்பார். கல்யாணமாகி ஐந்து வருடம், ஐந்து வருடப் புள்ளிகள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கிற சுவரில்.

நான் எழுதுகிற இந்தக் கொப்பியைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைக்கிறேன். வீட்டில் எனக்கென்று பூட்டுகிற இடம் ஒன்று கிடையாது.


ஜூன் 10, செவ்வாய். பொசன் போயா

பௌர்ணமி லீவு நாள். சும்மா அள்ளிக் கொடுக்கிற கடலை தன்சல் கீழ் றோட்டில், ஐஸ்கிரீம் தன்சல் இன்னும் கொஞ்சம் தள்ளி. பிள்ளைகள் மூன்று தரம் வரிசையில் நின்றுவிட்டு வருகிறார்கள்.

அதை எல்லாம் எழுத உட்காரவில்லை. காலையில் நடந்ததை எழுத உட்கார்ந்தேன்.

ஊறப்போட்ட துணியில் என் உள்பாடியை அத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். காய்ந்த கறை இரண்டு வட்டம். என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காட்டு."

"என்னத்தை?"

"காட்டுன்றேன்ல."

காட்டினேன். முப்பத்து நான்கு வயதில், ஒரு அச்சகத்தில் பத்து வருடம் வேலை செய்கிறவள், மாடு பிடிக்க வந்த வியாபாரியிடம் நிற்கிற மாதிரி நின்றேன். அமுக்கிப் பார்த்தார். வெள்ளையாக வந்தது. அவர் முகம் அப்படியே மாறிப்போனது. நேரே போய்ச் சாமி அறையில் விழுந்து கும்பிட்டார். அரை மணித்தியாலத்தில் பக்கத்து வீட்டுக் கமலாக்கா வந்தாச்சு. மதியத்துக்குள் ஹுன்னஸ்கிரியவில் இருக்கிற நாத்தனாருக்குப் போன் போயாச்சு. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்.

இன்று என்னிடம் கேட்கப்பட்டவை:

வாய் புளிக்குதா.
பால் தேத்தண்ணி மணத்தா கொமட்டுதா.
காம்பு கறுத்திருக்கா. (கமலாக்கா, முற்றத்தில் நின்று, சத்தமாக.)
எந்தப் பக்கம் திரும்பிப் படுக்குற.
மாங்கா கேக்குதா.
சதீஷுக்குத் தலை சுத்துதா. சில வீட்டில புருஷனுக்குத்தான் முதல்ல வருமாம்.

சதீஷுக்குத் தலை சுற்றவில்லை. தன்சலில் கடலை வாங்கி வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், அஞ்சு பெத்தவங்க" என்றார்.

செவ்வாய் என்பதால் வழக்கம்போல் நான் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அத்தை தட்டில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். "இனி ஒனக்கு விரதம் இல்ல. சாப்பிடு." மூன்று வருடத்தில் முதல் செவ்வாய். செவ்வாய், வெள்ளி, மாதத்துக்கு ஒரு சஷ்டி என்று மூன்று வருடமாகப் பகலில் வெறும் தண்ணீர்தான். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று அத்தை சொல்லாத சஷ்டி கிடையாது. ஆறு இடியப்பம் சாப்பிட்டேன்.

ஒன்றை எழுதாவிட்டால் இந்தக் கொப்பிக்கும் பொய் சொன்ன மாதிரி. நானும் நம்பினேன். படுத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.


ஜூன் 12, வியாழன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. அச்சகத்தில் கரண்ட் பதினொரு மணிக்குப் போய் ஒன்றரைக்கு வந்தது.

ஃபர்ஸானாவிடம் சொன்னேன். அவள் என் பக்கத்து மேசை, சிங்கள வேலை எல்லாம் அவள்தான் பார்ப்பாள், மூன்று பிள்ளைக்காரி. ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"டெஸ்ட் பண்ணினீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"அத்தை பாத்துச் சொன்னாங்க."

"ஒங்கட மாமி என்ன ஸ்கேன் மெஷினா?"

சிரித்துவிட்டேன். கரண்ட் இல்லாத நேரத்தில் அவளே பாமசிக்குப் போய் வாங்கி வந்தாள், இரண்டு. ஒன்று பிழையாகிப்போனால் மற்றது இருக்கட்டும் என்று. கழிவறையில் கைப்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கோடு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு கோடு. மற்றதிலும் ஒரு கோடு.

ஃபர்ஸானா வெளியே நின்றாள். வாங்கிப் பார்த்தாள். "ஒன்னுதான் ஈக்கி," என்றாள். என் கார்ட் வேலையில் பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. அப்படியென்றால் இந்தப் பால் என்ன பால்?

வீட்டில் சதீஷிடம் மட்டும் சொன்னேன். "அந்தக் குச்சி எல்லாம் சைனா சாமான்" என்றார். அவர் ஹாட்வெயார் கடையில் விற்பதில் முக்கால்வாசி சைனா சாமான். அதை எல்லாம் கஸ்டமரிடம் அவர் இப்படிச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அத்தையிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இரவு எனக்கு மட்டும் முட்டை அவித்து வைத்திருந்தார்.


ஜூன் 16, திங்கள்

அரை நாள் லீவு. டவுனில் ஒரு லேடி டாக்டரை சேனல் பண்ணி, காசு கட்டி நம்பர் எடுத்துப் பார்த்தேன். நம்பர் 14. சதீஷ் கூட வந்தார், வாசல் வரை. மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

டாக்டர் நல்ல மாதிரி. அவசரப்படுத்தவில்லை. சிங்களத்தில் பேசினார், விளங்காத இடத்தில் திருப்பிச் சொன்னார். ஸ்கேன் செய்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். கருப்பை வெறுமை. கர்ப்பம் இல்லை, இருந்ததற்கான அடையாளமும் இல்லை.

பால் வருகிறதே என்றேன்.

அவர் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். பால் வந்தால் கர்ப்பம் என்று அர்த்தம் இல்லை. நாள் தள்ளினாலும் அப்படித்தான், மார்பு வலித்தாலும் அப்படித்தான். பிள்ளை பெறாதவளுக்கும் பால் வரும். தைராய்டால் வரலாம், மூளைக்கு அடியில் இருக்கிற சின்னச் சுரப்பியால் வரலாம், சில மாத்திரையால் வரலாம். இரண்டு பக்கமும் வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை, காரணத்தைத் தேடலாம். ஒரு பக்கம் மட்டும், தானாகவே, இரத்தம் கலந்த மாதிரி வந்தால் அடுத்த நாளே காட்ட வேண்டும், எந்த வயது என்றாலும்.

பிறகு கேட்டார், என்ன மாத்திரை பாவிக்கிறீர்கள்?

ஒன்றும் இல்லை என்றேன். கேஸ்ட்ரைட்டிஸ் மாத்திரை மட்டும்.

எடுத்துக் காட்டச் சொன்னார். கைப்பையிலேயே இருந்தது. சாப்பாட்டுக்கு முன் போடுகிற சின்ன வெள்ளை மாத்திரை. வாந்தி வராமல் இருக்க. எத்தனை நாளாக? ஒன்றரை வருடம் இருக்கும். யார் தந்தது? டிஸ்பென்சரி டாக்டர் ஒரு கிழமைக்குத் தந்தார், நல்லாக இருந்தது, அதற்குப் பிறகு நானே பாமசியில் வாங்கிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று.

டாக்டர் மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

இரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் புதன்கிழமை. சதீஷ் வெளியே பக்கோடா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னவாம்?" "இல்லையாம்." "ஓ." வரும் வழியில் பெட்ரோல் அடித்தோம்.


ஜூன் 18, புதன்

ரிப்போர்ட் வந்தது. புரோலக்டின் மிகக் கூட. தைராய்டு சரி.

டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். மாத்திரை அந்த ஹோர்மோனைக் கூட்டும். அது கூடினால் பால் வரும், மாதவிடாய் தள்ளும், முட்டை வெளியே வராது. முட்டை வராவிட்டால் பிள்ளை எங்கிருந்து வரும். இந்த மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். சில கிழமை கழித்து மறுபடி இரத்தம். குறையாவிட்டால் தலையை ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் குறையும்.

கேஸ்ட்ரைட்டிஸ் ஏன் வந்தது என்று கேட்டார். கிழமைக்கு இரண்டு நாள் பட்டினி என்றேன். எதற்கு? பிள்ளைக்கு.

பிள்ளைக்கு விரதம். விரதத்தால் புண். புண்ணுக்கு மாத்திரை. மாத்திரையால் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லை என்று இன்னும் விரதம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள், நான் மூன்று வருடம் உட்கார்ந்து அந்தக் குரங்கைச் செதுக்கியிருக்கிறேன்.

யாரைத் திட்டுவது? முதலில் என்னை. பத்து வருடம் எழுத்துப் பிழை பார்க்கிறவள், தன் மாத்திரை அட்டைக்குள் இருந்த குறிப்புத் துண்டை ஒரு தரம் படிக்கவில்லை. அடுத்தது பாமசிக்காரன், கேள்வி கேட்காமல் அட்டை அட்டையாகத் தந்தவன். அதற்கு அடுத்தது அத்தை. என் மாதத்தை எண்ணினார், என் தட்டை எண்ணினார், நான் வாந்தி எடுத்ததை ஒரு நாளும் எண்ணவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மாத்திரை ஒன்றரை வருடம்தான். அதற்கு முன்னே மூன்றரை வருடம் ஏன் வரவில்லை என்பதற்கு இது பதில் இல்லை. கணவரின் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?

எங்கே. இரண்டு வருடமாக, விந்துப் பரிசோதனைக்குத் தந்த கடிதமும் சின்னப் போத்தலும் அலுமாரியில் அவருடைய சட்டைக்குக் கீழே.

இரவு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப ஒன்னுமே இல்லையா?" ஒன்றுமே இல்லை. பிறகு, "நான் எல்லாருக்கும் சொல்லிட்டேனே" என்றார். அவருடைய கவலை அது.


ஜூன் 19, வியாழன்

எழுத்து இன்று கோணல். கோபம்.

காலையில் நான் வேலைக்குப் புறப்பட்டபோது அத்தை வாசலில் நின்றாள். ஆமாம், நின்றாள். இது என் கொப்பி, இன்று மரியாதை வரவில்லை.

"இன்னைக்கிப் போகாத. ஒரு கெழமைக்கிப் படுத்துக்க."

"எதுக்கு?"

"கலஞ்சிருச்சுன்னு சொல்லிக்குவோம். பஸ்ஸில போய் வந்ததுல கலஞ்சிருச்சுன்னு."

முதலில் விளங்கவில்லை. இல்லாத பிள்ளை எப்படிக் கலையும் என்று நின்றேன். பிறகு விளங்கியது. வயிற்றில் ஒன்றும் தங்காதவள் என்பதைவிடத் தங்கிக் கலைந்தவள் என்றால் கௌரவமாம். தரித்தது என்றாவது பேர் இருக்குமாம். அதுவும் பழி பஸ்ஸுக்கும் என் வேலைக்கும். இந்தச் சாக்கில் வேலையையும் விட வைத்துவிடலாம்.

சதீஷ் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார், "அம்மா சொல்றதும் சரிதானே. ஒரு கெழமை பேச்சு, அதோட முடிஞ்சிரும்."

"என்னை செத்த புள்ளைக்கிப் படுக்கச் சொல்றீங்களா?"

"ஏன் அப்பிடிப் பேசுற. அம்மாவுக்கு வெக்கமா இருக்கு."

"ஒங்க டெஸ்ட் எப்ப?"

செருப்பின் வாரையே பார்த்தார். "எனக்கும் வெக்கமா இருக்கு."

இந்த வீட்டில் எல்லோருக்கும் வெட்கம் இருக்கிறது. ஆகவே துணியை அவிழ்த்துக் காட்டுகிறவள் நான், ஊசி குத்தப்படுகிறவள் நான், பட்டினி கிடக்கிறவள் நான். இரண்டு வருடமாக ஒரு சின்னப் போத்தலோடு கதவைச் சாத்திக்கொள்ள ஒரு ஆம்பிளையால் முடியவில்லை.

வேலைக்குப் போனேன். பஸ்ஸில்தான் போனேன். நின்றுகொண்டு போனேன்.

சில்லறை விஷயம்: புதுக் குடை பார்த்தேன். வாங்கவில்லை. மாத்திரை நிறுத்தி இன்று இரண்டாம் நாள், குமட்டல் இருக்கிறது. டாக்டர் தந்த வேறு மருந்தைப் போட்டேன். பத்து மணிக்கு ஃபர்ஸானாவின் ரொட்டியில் பாதி.


ஜூன் 21, சனி

அரை நாள் வேலை. இரண்டரைக்கு வீடு. படி ஏறும்போதே பார்த்தேன், வாசலில் செருப்பு ஐந்து ஜோடி.

உள்ளே கமலாக்கா, இன்னும் நான்கு பேர். எல்லோரும் எங்கள் லைன் வீடுகளில் இருக்கிறவர்கள். மேசையில் முட்டை, நல்லெண்ணெய், பூண்டு, ஒரு பக்கற் பேரீச்சம்பழம். கதிரைகளை எல்லாம் சுவரோரம் இழுத்துப் போட்டுச் செத்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அத்தை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

நான் சொன்னதற்குப் பிறகும் சொல்லியிருக்கிறார்.

"ஏம்புள்ள," கமலாக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார், "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு வேலைக்கிப் போனியா?"

"எந்த ஒடம்பு?"

"கலஞ்ச ஒடம்பு பச்ச ஒடம்பும்மா. படுக்கணும்."

அந்த நேரத்தில் ஒரு தலையாட்டு போதும். முட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்திருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாலேயே கெஞ்சினார். அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

"கலையல கமலாக்கா. கலையிறதுக்கு ஒன்னும் இருக்கல."

நான் பேசினேன். நின்றுகொண்டே, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், எல்லாவற்றையும். ஒரு கோடு, ஸ்கேன், மாத்திரை, விரதம்.

"அப்ப பால் எங்கருந்து வந்திச்சி?" என்றார் கமலாக்கா.

"மாத்திரையில இருந்து."

"மாத்திரையில பால் வருமா?"

"வரும். பால் வந்தா புள்ளன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு பக்கமும் வெள்ளையா வந்தா மருந்தால இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம், டாக்டர்கிட்ட கேக்கணும். ஒரு பக்கம் மட்டும் ரத்தமாட்டம் வந்தா ஒடனே போகணும். இதெல்லாம் எனக்கும் தெரியாது. அஞ்சு பெத்தவங்களுக்கும் தெரியாது."

கடைசி வரி தேவையில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

"அப்ப சஷ்டி விரதம் இருந்தா..." என்று மூலையில் இருந்த ஒரு பெண் இழுத்தாள்.

"கேஸ்ட்ரிக் வரும்."

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். அத்தை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முட்டையைத் திருப்பி எடுத்துப் போவதா விடுவதா என்று கமலாக்காவுக்குத் தடுமாற்றம். விட்டுவிட்டுப் போனார்.

சதீஷ் வந்தார், கேள்விப்பட்டுக்கொண்டே வந்தார். "எங்கம்மாவ ஊர் முன்னால அசிங்கப்படுத்திட்ட." ஆம் என்றேன்.


ஜூன் 22, ஞாயிறு

மழை, நாள் முழுக்க. வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேச்சு இல்லை.

நாவலப்பிட்டியிலிருந்து அம்மா போன். அதற்குள் அங்கேயும் போய்விட்டது. "நீ வாய அடக்கியிருக்கலாம் சுகந்தி." என் அம்மாவும்தான். வைத்துவிட்டேன்.

மூன்று மணி போல. சதீஷ் கிரிக்கெட் பார்க்க வெளியே போய்விட்டார். நான் பின்னால் துணி கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து வாசற்படியில் நின்றார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நானும் பதிலுக்குத் தயாராக நின்றேன்.

"அந்த டாக்டரு சொன்னதா சொன்னியே."

"என்ன?"

"ஒரு பக்கம் மட்டும் வந்தான்னு."

"ம்."

"வயசாளிங்களுக்கும் வருமா?"

"யாருக்கு?"

குழாயை மூடினேன். மறுபடி கேட்டேன், யாருக்கு. இடுப்புச் சேலைக்குள்ளிருந்து மடித்த பழைய சீலைத் துண்டு ஒன்றை எடுத்தார். விரித்தார். துரு நிறத்தில் கறை. ஒன்று பழையது, ஒன்று ஈரம்.

"காட்டுங்க," என்றேன்.

பன்னிரண்டு நாளுக்கு முன் அவர் என்னிடம் சொன்ன அதே சொல். பழிவாங்கச் சொல்லவில்லை. வேறு சொல் வரவில்லை.

வலது பக்கம். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றித் தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாக. தொட்டால் உள்ளே கெட்டியாக ஒன்று, அசையவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் டாக்டர் அடுத்த நாளே காட்டச் சொன்னது இதைத்தான்.

"எத்தன நாளா?"

"கார்த்திக வெளக்குக்கு முன்ன இருந்து."

விரல் விட்டு எண்ணினேன். ஏழு மாதம்.

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"ஆம்பளப் புள்ளகிட்ட இதப் போய்ச் சொல்லுவாங்களா."

"என்கிட்ட?"

சேலையைச் சரி செய்தார். "பேரப்புள்ளயப் பாத்துட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். அதான் அவசரப்பட்டேன்."

கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். என் புள்ளியை வைக்கத் தெரிந்த கைக்கு உங்கள் உடம்பைத் தடவிப் பார்க்கத் தெரியாதா என்று கத்தினேன். ஏழு மாதம் இதை மூடி வைத்துக்கொண்டு என் உள்பாடியைத் தேடிப் பார்த்தீர்களா என்று கத்தினேன். நீங்கள் சாவதற்கு முன்னே பெற்றுத் தர நான் என்ன ஓர்டர் எடுத்தவளா என்றும் கேட்டேன். அது அதிகம். அவர் சீலைத் துண்டை மடித்துக்கொண்டு நின்றார். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடத்தில் அவர் பதில் சொல்லாமல் நின்றதை நான் பார்த்ததில்லை.

பிறகு இருவரும் உள்ளே போனோம். தேத்தண்ணி ஊற்றினேன். பாதி குடித்தார். அழுகை வந்தது, எனக்கு. அவருக்கு வரவில்லை.

நாளை ஃபர்ஸானாவிடம் கேட்க வேண்டும், எந்தக் கிளினிக், என்ன நாள், எத்தனை மணிக்கு நம்பர்.


ஜூன் 24, செவ்வாய்

காலை ஆறேகாலுக்கே ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்துவிட்டோம். நம்பர் 23. வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை இல்லை. வானம் மூடிக்கொண்டிருக்கிறது.

கொண்டு வந்தவை: அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், அத்தையின் பிரஷர் மாத்திரை அட்டை. அட்டைக்குள் இருந்த துண்டைப் படித்துவிட்டேன்.

சதீஷிடம் நேற்று நான்தான் சொன்னேன், அத்தை சொல்ல மாட்டார். அவர் இன்று லீவு போட்டு வந்தார். என் டாக்டருக்கு வாசல் வரை. அம்மாவுக்கு உள்ளேயே வரப் பார்த்தார், பெண்கள் பகுதி என்று நிறுத்திவிட்டார்கள். வெளியே நிற்கிறார். கண் சிவந்திருக்கிறது. பாவமாகத்தான் இருக்கிறது. கோபமும் அப்படியே இருக்கிறது. போத்தல் இன்னும் அலுமாரியில்.

அத்தை நல்ல சேலை கட்டியிருக்கிறார், கோயிலுக்குப் போகிற சேலை. காலையில் இருந்து என்னோடு பேசிய ஒரே வார்த்தை, "கொடைய எடுத்தியா."

இப்போது நர்ஸ் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். சிங்களத்தில். அத்தைக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். பெயர், வயது அறுபத்தொன்று, ஐந்து பிள்ளை, நான்கு பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் பால் கொடுத்தேன். எல்லாம் சரியாகச் சொன்னார்.

எவ்வளவு நாளாக இருக்கிறது என்று நர்ஸ் கேட்டார்.

அத்தை என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கிழமை என்றார்.

நர்ஸ் எழுதத் தொடங்கினார்.

"ஏழு மாசம்," என்றேன்.

அத்தை மடிக்குக் கீழால் என் தொடையைக் கிள்ளினார். நல்ல கிள்ளு. மறுபடி சொன்னேன், அடுத்த வாங்குக்கும் கேட்கிற மாதிரி. ஏழு மாசம், இரத்தம், வலது பக்கம்.

நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்தார். எழுதியதை வெட்டிவிட்டு ஏழு என்று எழுதினார். நம்பர் 23ஐ இப்போதே முதலில் வரச் சொல்கிறார்கள்.